மூன்று மாதச் சம்பளம்

முஷர்ரஃப் டீச்சர் அன்று வந்தது
முட்டை வாங்க அல்ல.
கைக்குட்டையில் எதையோ முடிந்து கொண்டுவந்தாள்.
மர்கிலான் சந்தை, ஞாயிறு, நெரிசல்.
முள்ளங்கிக்காரி எட்டிப் பார்த்தாள்,
ரொட்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.
முடிச்சை அவிழ்த்து என் தராசுத் தட்டில் வைத்தாள்
ஒரு மஞ்சள் கருவை.
மஞ்சள் என்பது வாய் வழக்கம்.
நிறம் பழைய ராணுவச் சட்டை.

"அமுக்கிப் பார், சனோபர்."
அமுக்கினேன்.
குழிந்தது. பிறகு எழுந்துகொண்டது
ஒன்றும் நடக்காததுபோல்.

"வேகவைத்ததா?"
"பச்சை முட்டை. மாவில் உடைத்து ஊற்றினேன்.
வெள்ளை வழிந்தது. இது மட்டும்
கிண்ணத்து விளிம்பில் பட்டு
தரையில் மூன்று முறை குதித்து
அலமாரிக்கடியில் போய் நின்றது."
கணக்கு டீச்சர்.
மூன்று என்றால் மூன்றுதான்.

கண்ணேறு என்றாள் முள்ளங்கிக்காரி.
வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் என்றான் ரொட்டிக்காரன்.
பிளாஸ்டிக் முட்டை, இப்போது செய்கிறார்களாம்
என்றது கூட்டத்தில் ஒரு தொப்பி.
நான் என் பதினோரு கோழிகள்மேல் சத்தியம் செய்தேன்.
ஒரு முட்டைக்கான காசை மட்டும்
டீச்சர் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
மீதி ஐந்தை இன்னும் உடைக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து
காலையில் இட்டதில் ஒன்றை உடைத்தேன்.
தளதளவென்று வாணலியில் உட்கார்ந்தது,
நல்ல மஞ்சள்.
இன்னொன்று. அதுவும் அப்படியே.
டீச்சரைக் கொஞ்சம் திட்டினேன், மனசுக்குள்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது
நவ்ரூஸுக்கு என்று குளிர்பெட்டியில் ஒதுக்கி
மறந்தே போன முட்டை.
உடைத்தேன்.
டொக்.
அது ஓடு விழுந்த சத்தம் இல்லை.

ஒய்பெக் அதைச் சுவரில் எறிந்து பிடித்தான்.
"இன்னும் ஒன்று உடை அம்மா,
அலிஷேரைக் கூட்டி வருகிறேன்."

கால்நடை மருந்துக்கடை ஃபர்ஹோத்
கேட்டது ஒரே கேள்வி:
"என்ன தீனி?"

பருத்திப் பிண்ணாக்கு.
என் வீட்டுக்காரன் எண்ணெய் ஆலையில் இருக்கிறான்,
மாதம் ஒரு மூட்டை இனாம்.

"பருத்திக்கொட்டைக்குள் ஒரு விஷச் சாயம் உண்டு.
பூச்சிக்குப் பயந்து செடி வைத்துக்கொண்டது.
கோழி தின்றால் கருவில் இறங்கும்.
சுடச்சுடத் தின்றுவிட்டால் உனக்குத் தெரியாது.
குளிரில் கிடந்தால்தான் காட்டும்."

இந்தப் பக்கத்தில் பருத்தி நுழையாத இடம் எது?
அடுப்பில் எரிவது பருத்திக் குச்சி.
வாணலியில் காய்வது பருத்திக்கொட்டை எண்ணெய்.
படுக்கிற மெத்தைக்குள் அது.
செப்டம்பரில் பள்ளிக்கூடம் என்றால் வயல் என்று அர்த்தமான வருஷங்களின்
கீறல்கள் இன்னும் என் நகக்கண்களில்.
முட்டையாவது என்னுடையது என்று இருந்தேன்.

ராத்திரி எர்கஷின் தட்டில்
அந்தக் கருவை வைத்தேன், உப்போடு.
கத்தியால் அறுத்தான். அறுபட்டது.
வெகுநேரம் மென்றான்.
"இனாம் இல்லை, சனோபர்," என்றான்.
"ஜனவரி ஒரு மூட்டை.
பிப்ரவரி ஒரு மூட்டை.
மார்ச்..."
தண்ணீர் கேட்டான்.

மாட்டுக்கு ஆகுமாம், நாலு வயிறு, தாங்கிவிடும்.
மூன்றாவது மூட்டையில் மிச்சமிருந்ததை
ஜுல்ஹுமோர் வீட்டுப் பசுவுக்குக் கொடுத்து
தினம் ஒரு செம்பு பால் என்று பேசினேன்.
கோழிகளுக்குக் கோதுமைக் குருணை.
முதல் இரண்டு நாள் முகம் திருப்பிக்கொண்டன.

ஐந்து வாரம் கழித்து டீச்சர் வந்தாள்.
ஆறு முட்டை எண்ணி எடுத்தாள்,
வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
"குளிரில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு தருகிறேன்."
சரி என்றேன்.
வேறென்ன சொல்வது, கணக்கு டீச்சரிடம்?

சாயங்காலம் எர்கஷ்
ஏப்ரல் மாதத்தைத் தோளிலிருந்து
முற்றத்தில் இறக்கினான்.
தொப்பென்ற சத்தம் கேட்டதும்
பதினோரு கோழிகளும்
ஓடி வந்தன.